காண்டின்ஸ்கி பிரிண்ட்: படம் அருமை, சட்டம் சுமார்

சட்டம் போட்டே அனுப்பும் ஒரு ஆன்லைன் கடையில் ரஷ்ய ஓவியர் காண்டின்ஸ்கியின் ‘காம்போசிஷன் 8’ ஓவியத்தின் பிரிண்ட் வாங்கினேன். ‘மியூசியம் குவாலிட்டி’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அதை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், யாரும் வந்து சோதிக்கப் போவதில்லை. கீழே பொடி எழுத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் முக்கியம்: முழுப் பருத்தித் தாள், அமிலம் இல்லாதது, 308 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 308 கிராம், நல்ல தடிமன்), சீக்கிரம் மங்காத பிக்மென்ட் மை. இதெல்லாம் இருந்ததால்தான் ஆர்டர் போட்டேன்.

பிரிண்டைக் குறை சொல்ல வழியே இல்லை. மேலே இடது மூலையில் ஒரு பெரிய கருவட்டம், அதற்குள் ஊதா, சுற்றிலும் இளஞ்சிவப்பு படர்ந்து பின்னணியோடு கரையும். மட்டமான போஸ்டர்களில் இந்த இடம் பட்டை பட்டையாகத் தெரியும், கருப்பும் ஊதாவும் ஒன்றாகக் குழம்பிவிடும். இதில் இரண்டும் தனித்தனியாக நிற்கின்றன, மூக்கு இடிக்கும் அளவுக்குக் கிட்டே போய்ப் பார்த்தும் மைப்புள்ளி தெரியவில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நியூயார்க் குகன்ஹைம் மியூசியத்தில் இருக்கும் 1923ஆம் வருட ஒரிஜினல் சுமார் 140 × 201 செ.மீ. அதை 60 × 90 செ.மீ. சட்டத்தில் முழுசாக நிரப்பினால் மேலும் கீழும் கொஞ்சம் வெட்டுப்படும், பல பேர் சத்தமில்லாமல் வெட்டியும் விடுகிறார்கள். இவர்கள் சுற்றிலும் மவுண்ட் போர்டு (படத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில் வரும் அட்டை ஓரம்) விட்டு முழுப் படத்தையும் வைத்திருக்கிறார்கள். முன்பக்கத் தகட்டில் தாள் ஒட்டாமல் இருக்கவும் அந்த போர்டு வேண்டும், இல்லாவிட்டால் ஈரம் கோத்து ஒட்டிக்கொள்ளும்.

சட்டம்தான் சொதப்பல். ஒரு மூலையில் நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி, பின்பக்க டேப் வரும்போதே உரிந்திருந்தது, இவ்வளவு பெரிய படத்துக்கு நடுவில் ஒரே ஒரு கொக்கி. போட்டோ எடுத்து அனுப்பினால், புதுச் சட்டம் அனுப்புகிறோம், நீங்களே மாற்றிக்கொள்ளுங்கள் என்று பதில் வருகிறது. நானே மாட்டுவதாக இருந்தால் சட்டம் போட்டு எதற்கு வாங்குகிறேன்?

முன்னால் இருப்பது கண்ணாடி இல்லை, அக்ரிலிக். லேசானது, வழியில் உடையாது, சரி. ஆனால் சட்டென்று கீறல் விழும், அம்மோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவம் ஆகவே ஆகாது, காய்ந்த துணியால் துடைத்தால் தூசியை இன்னும் இழுக்கும். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் ரகமா என்று கேட்டதற்குப் பதிலே இல்லை, அதனால் வெயில் படாத சுவரில் மாட்டிவிட்டேன்.

சட்டம் இல்லாமல் சுருட்டி அனுப்பும் வசதியும் அவர்களிடம் இருக்கிறது. அடுத்து ஓவியர் பால் க்ளேயின் (Paul Klee) பிரிண்ட் ஒன்று வாங்கும் எண்ணம், அதை அப்படித்தான் வாங்குவேன். சட்டத்தை நேரில் பார்த்துப் போட்டுக்கொள்ளலாம்.