சப்ளை செயின் வகுப்பில் பீர் கேம்: பல ஆண்டு அனுபவம்

எம்.பி.ஏ. மாணவர்களுக்கு சப்ளை செயின் (சரக்கு ஆலையிலிருந்து வாடிக்கையாளர்வரை போய்ச்சேரும் சங்கிலி) பாடம் எடுக்கிறேன். வகுப்புக்குள் விளையாட்டைக் கொண்டுவரப் பல வழிகளை முயன்றிருக்கிறேன். இத்தனை ஆண்டுகளில் நான் ஒரு பேட்சுக்குக்கூட விடாமல் நடத்துவது ஒன்றைத்தான்: அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பேராசிரியர் ஜே ஃபாரஸ்டர் குழு 1960களில் உருவாக்கிய ‘பீர் கேம்’.

ஒரு சங்கிலியில் கீழிருந்து மேலாக நான்கு பேர்: கடைக்காரர், மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், ஆலை. நான் பீருக்குப் பதில் சோடாப் பெட்டி என்று மாற்றிக்கொண்டேன், பாடம் கெடவில்லை. ஒரு சுற்று என்பது ஒரு வாரம். கீழே இருப்பவர் கேட்டதை அனுப்பிவிட்டு, மேலே இருப்பவருக்கு ஆர்டர் எழுதிக் கவிழ்த்து வைக்க வேண்டும். ஒருவரோடு ஒருவர் பேசக் கூடாது. அனுப்பிய சரக்கு வந்துசேர இரண்டு வாரம் ஆகும். கோடவுனில் கிடக்கும் பெட்டிக்கு வாரத்துக்கு 50 காசு செலவு, கொடுக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் பெட்டிக்கு 1 ரூபாய் (மூல விளையாட்டில் அரை டாலரும் ஒரு டாலரும்). நால்வரின் செலவையும் கூட்டிப் பார்த்து, குறைவாகச் செலவழித்த அணி ஜெயிக்கும்.

வாடிக்கையாளர் முதல் 4 வாரம் 4 பெட்டி கேட்பார், 5ஆம் வாரத்திலிருந்து 8. அதற்குப் பிறகு கடைசிவரை மாற்றமே கிடையாது. அந்தந்த வாரம் கேட்டது எவ்வளவு என்பது கடைக்காரருக்கு மட்டும்தான் தெரியும். ஆனால் பத்துப் பன்னிரண்டு வாரத்துக்குள் ஆலைக்கு முப்பது, நாற்பது என்று ஆர்டர் குவியும். கொஞ்ச வாரம் கழித்து எல்லோர் கோடவுனும் நிரம்பி வழிய, ஆர்டர் தாளில் பூஜ்யமாக விழும்.

ஆட்டம் முடிந்ததும் ஆலையில் உட்கார்ந்தவரிடம் ஒரு தாளைக் கொடுத்து, வாடிக்கையாளர் வாராவாரம் எவ்வளவு கேட்டிருப்பார் என்று வரையச் சொல்வேன். பெரும்பாலும் மலையும் பள்ளமுமாகத்தான் வரைவார்கள். பிறகு உண்மையான கோட்டைப் பலகையில் போடுவேன்: ஒரே ஒரு படி, மீதியெல்லாம் நேர்கோடு. அதுவரை “எல்லாம் அந்த மொத்த வியாபாரி பண்ணின வேலை சார்” என்று சண்டை போட்டவர்கள் தங்கள் ஆர்டர் தாளையே திரும்ப எடுத்துப் பார்ப்பார்கள். இந்த இடத்துக்காகத்தான் நான் இதை நடத்துகிறேன். கீழே ஏற்படும் சின்ன மாற்றம் சங்கிலியில் மேலே போகப் போகப் பெரிதாவதை ‘புல்விப் விளைவு’ என்று ஸ்லைடில் போட்டால் பரீட்சைக்கு எழுதுவார்கள். இங்கே அந்த விளைவை உண்டாக்கியதே அவர்கள்தான்.

எம்.ஐ.டி. பேராசிரியர் ஜான் ஸ்டெர்மன் இந்த விளையாட்டை வைத்து 1989இல் வெளியிட்ட ஆய்வில், அணிகளின் சராசரிச் செலவு, ஆகியிருக்க வேண்டிய செலவைப்போலச் சுமார் 10 மடங்கு. ஏற்கெனவே ஆர்டர் போட்டு வழியில் வந்துகொண்டிருக்கும் சரக்கை மனிதர்கள் கணக்கில் எடுப்பதில்லை என்பது அவர் கண்ட முக்கியக் காரணம். என் வகுப்பிலும் வருடம் தவறாமல் இதுதான் நடக்கிறது. 2021இல் கார் கம்பெனிகள் சிப் கிடைக்காமல் திண்டாடிய செய்தியை இதன் பிறகு கொடுத்தால், அவர்களே பிரித்து அலசிவிடுகிறார்கள்.

புள்ளி, பேட்ஜ், முன்னணிப் பட்டியல் ஆகியவற்றையும் சில செமஸ்டர்கள் வைத்துப் பார்த்தேன். எப்போதும் முதல் வரிசையில் இருப்பவர்களே பட்டியலின் உச்சியிலும் இருந்தார்கள். செல்போனில் விடை தட்டும் வினாடி வினாவில் வேகத்துக்குக் கூடுதல் புள்ளி உண்டு. தமிழ்வழியில் படித்து வந்த பிள்ளைகள் ஆங்கிலக் கேள்வியை இரண்டாம் முறை வாசித்து முடிப்பதற்குள் நேரம் போய்விடும். பாடம் தெரிந்தும் பட்டியலின் அடியில் பெயர் நிற்பது எவ்வளவு புண்படுத்தும் என்று அவர்கள் முகத்தில் பார்த்தேன். நிறுத்திவிட்டேன். இண்டியானா பல்கலைக்கழகத்தில் லீ ஷெல்டன் செய்ததுபோல, எல்லோரும் பூஜ்யத்தில் தொடங்கி வேலை செய்யச் செய்ய ஏறும் மதிப்பெண் முறையை மட்டும் இன்டர்னலுக்கு வைத்துக்கொண்டேன். இரண்டாம் மாதத்திலேயே சோர்ந்துபோகிறவர்கள் இதனால் குறைந்திருக்கிறார்கள்.

செமஸ்டர் கடைசியில் மாணவர்களையே ஒரு விளையாட்டு வடிவமைக்கச் சொல்வது இப்போது எனக்குப் பீர் கேமை விடவும் பிடித்த பகுதியாகிவிட்டது. திருப்பூர்ப் பக்கத்து அணி ஒன்று நிட்டிங், டையிங், காம்பாக்டிங், தையல், செக்கிங் என்று ஜாப் ஒர்க் சங்கிலியை அப்படியே பலகையில் இறக்கியது. சாயப்பட்டறையில் ஒரு நாள் தாமதமானால் தையல் யூனிட்டில் எத்தனை பேர் சும்மா உட்கார வேண்டும் என்பதைக் கார்டுகளாக எழுதியிருந்தார்கள். வகுப்பில் வாயே திறக்காத பையன் அன்று விதிகளை விளக்கினான். அவன் வீட்டில் அதுதான் தொழில். லீட் டைம் (ஆர்டர் போட்டதிலிருந்து சரக்கு கைக்கு வரும்வரை ஆகும் நேரம்) பற்றி அவன் சொன்னதைவிடத் தெளிவாக என்னால் சொல்லியிருக்க முடியாது.

நடைமுறை விஷயங்கள் சில. கணினி வடிவமும் கிடைக்கிறது, ஆனாலும் சார்ட் பேப்பர் பலகையும் காயின்களுமே எனக்குச் சரிப்பட்டு வருகின்றன. வழியில் நிற்கும் சரக்கு கண்ணெதிரே கிடக்கும். அறுபது பேர் வகுப்பென்றால் 15 சங்கிலி. தனியாகச் சமாளிக்க முடியாது, சீனியர்களை உதவிக்கு அழையுங்கள். அவர்கள் 4, 8 ரகசியத்தைச் சொல்லிவிடுவார்களே என்று பலர் கேட்கிறார்கள். தேவையின் போக்கை எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லிவிட்டு விளையாடினாலும் ஆர்டர் அலை எழுகிறது என்று ஆய்வாளர்கள் குரோசனும் டோனஹ்யூவும் 2006இல் காட்டியிருக்கிறார்கள். அதனால் அது பெரிய கவலையில்லை. விளையாடிய நேரத்தில் பாதியையாவது பிறகு பேசுவதற்கு ஒதுக்குங்கள்.

ஒரே ஒரு 50 நிமிட பீரியட்தான் கிடைக்கும் என்றால் தொடங்கவே வேண்டாம். பத்தாவது வாரத்தோடு நிறுத்தினால் ஆர்டர் ஏறுவதை மட்டும்தான் பார்ப்பார்கள். சரக்கு வந்து குவிவது அதற்குப் பிறகுதான். லேப் நேரத்தையோ அடுத்தடுத்த இரண்டு பீரியடையோ கேட்டு வாங்கிவிட்டுப் பலகையை விரியுங்கள்.