முழுத் தாவர உணவா, பால் முட்டையோடு சேர்த்தா?

எடை குறைக்க இறைச்சியை விடுகிறவர்கள் முன்னால் இரண்டு வழி இருக்கிறது: பால், முட்டையையும் சேர்த்தே விட்டுவிடுவது, அல்லது அவற்றை மட்டும் வைத்துக்கொள்வது.

எடையைப் பொறுத்தவரை இரண்டிலும் வேலை செய்வது நார்ச்சத்துதான். வேகவைத்த பருப்பு 100 கிராமில் சுமார் 115 கலோரி, 9 கிராம் புரதம், 8 கிராம் நார்ச்சத்து. வயிறு சீக்கிரம் நிறைந்துவிடும். அதையே தாளிக்க ஊற்றும் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி! சிப்ஸும் சர்க்கரை பானமும்கூடத் தாவர உணவுதான், மறக்க வேண்டாம்.

முழுத் தாவர உணவின் சிக்கல் வைட்டமின் பி12. பெரியவர்களுக்கு நாளைக்கு 2.4 மைக்ரோகிராம் தேவை. தாவரங்களிலிருந்து அதை நம்பிப் பெற முடியாது. கல்லீரலில் சேமிப்பு இருப்பதால் குறைபாடு தெரியவே சில வருடங்கள் ஆகலாம். அசதி, கால் மரத்துப்போவது என்று மெல்லத் தலைகாட்டும். மாத்திரையோ பி12 சேர்த்த உணவோ கட்டாயம்.

முட்டை இருந்தால் இந்தக் கவலை பாதி குறையும். ஒன்றில் 6 கிராம் புரதம், 70 கலோரி. பால் பக்கம் கவனம் தேவை. சீஸ் 100 கிராமே 400 கலோரியைத் தொடும்.

புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். கெட்ட கொழுப்பு அதிகம் இருப்பவருக்கு முதல் வழி கொஞ்சம் கூடுதலாகக் கைகொடுக்கும். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் எதற்கு மாறினாலும் முதலில் மருத்துவரிடம் பேசிவிடுங்கள்; அளவை மாற்ற வேண்டிவரலாம்.