நுரையீரல் புற்றுநோய்க்கு நட்டஈடு: எந்தக் கதவைத் தட்டுவது?

எங்கள் ஒழுங்கையில் ஒருவர் இருபது வருடத்துக்கு மேல் அஸ்பெஸ்டஸ் (கல்நார்) தகடு அறுத்துக் கூரை போட்டவர். மாலையில் அவருடைய சட்டையை மனைவி முற்றத்தில் உதறுவார். தூசி வாழையிலைகளில் வெள்ளையாகப் படியும். இப்போது அவருக்குத் தெல்லிப்பளையில் நுரையீரல் புற்றுநோய்க்குச் சிகிச்சை நடக்கிறது. நட்டஈடு கேட்கலாமா என்று மகள் என்னிடம் கேட்டாள். மூன்று வழிகள் இருக்கின்றன.

முதலாவது, இலங்கையின் 1934ஆம் ஆண்டுத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம். முதலாளியின் கவனயீனத்தை நிரூபிக்கத் தேவையில்லை, வேலையால் வந்த நோய் என்று காட்டினால் போதும். ஏழைக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் தொகைக்கு உச்சவரம்பு உண்டு. 2022இல்தான் அதை ஐந்தரை இலட்சத்திலிருந்து 20 இலட்சம் ரூபாயாக உயர்த்தினார்கள். வீட்டில் உழைப்பவர் படுத்துவிட்டால் அந்தக் காசு எத்தனை வருடம் தாங்கும்?

இரண்டாவது, மாவட்ட நீதிமன்ற வழி. அங்கே நட்டஈட்டு வழக்குப் போட்டால் அந்த உச்சவரம்பு இல்லை. வலிக்கும் வேதனைக்கும்கூடக் கேட்கலாம். சட்டை உதறிய மனைவிக்கு நாளை நோய் வந்தால் அவருக்கும் இந்த வழிதான், ஏனெனில் அவர் தொழிலாளி அல்ல. ஆனால் இங்கே முதலாளியின் தவறை நிரூபித்தாக வேண்டும். "இவர் பீடி குடித்தவர்தானே" என்பார் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி. புகையும் கல்நாரும் சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு கூடும் என்பது மருத்துவம் அறிந்த உண்மை; அதை மன்றில் சொல்ல நிபுணர் வேண்டும், நிபுணருக்குக் காசு வேண்டும். காலவரையறையும் 2 வருடம்தான். தூசி உள்ளே போய்ப் பல பத்தாண்டுகள் கழித்துத் தலைகாட்டும் நோய்க்கு அந்த 2 வருடத்தை எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதே முதல் சண்டையாகிவிடும்.

மூன்றாவது வழி உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு. யாழ்ப்பாணத்தாருக்கு இதை விளக்கத் தேவையில்லை. சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கில் 2019இல் தனியார் மின் நிறுவனம் 2 கோடி ரூபாய் கட்ட வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. பெருமைதான். ஆனால் 500 குடியிருப்பாளர் வரைக்கும் ஆளுக்கு 40,000 ரூபாய்க்கு மேற்படாமல் என்பதே கணக்கு. மனுவை ஒரு மாதத்துக்குள் போட வேண்டும். அரசின் செயலோ செயலின்மையோ அதில் சம்பந்தப்பட்டிருக்க வேண்டும். ஊர் முழுவதும் நஞ்சானால் இது நல்ல ஆயுதம். ஒருவரின் நுரையீரலுக்குப் பொருந்தாது.

ஆகவே முதலாவது வழியையே சொன்னேன். ஒரே நோய்க்கு இரண்டு இடத்தில் காசு வாங்க முடியாது. அதனால் கையெழுத்து வைக்குமுன் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளும்படியும் சொன்னேன்.

எந்த வழியானாலும் வேலை செய்ததற்குச் சான்று வேண்டும். ஊழியர் சேமலாப நிதி (EPF) அட்டை இருந்தால் பாதி வேலை முடிந்தது. இவருக்கு அது இல்லை, நாட்கூலி. பயொப்சி (திசுப் பரிசோதனை) அறிக்கையோடு, எந்த வேலையை எத்தனை வருடம் செய்தார் என்பதையும் வைத்தியரிடம் சொல்லி கிளினிக் கொப்பியில் எழுதுவிக்கச் சொன்னேன். மறுநாள் மகள் பரணிலிருந்து ஒரு பழைய கொப்பியைக் கொண்டுவந்தாள். எந்த வீட்டுக்கு எத்தனை தகடு, யார் கூலி தந்தது என்று தகப்பன் பென்சிலால் குறித்திருந்தார். கரையான் அரித்த ஓரங்களைத் தவிர எல்லாப் பக்கமும் வாசிக்க முடிகிறது.