"ஹெட் கேஸ்கெட் போச்சு" என்று சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள்: பெங்களூரில் எங்களுக்கு நடந்தது

பெங்களூரில் பழைய கார் வைத்திருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். முக்கியமாக, வண்டி டிராஃபிக்கில் சூடாகிறது என்று வீட்டுக்கே மெக்கானிக்கை வரவழைக்கிறவர்களுக்கு. பானெட்டைத் திறந்த கொஞ்ச நேரத்திலேயே "ஹெட் கேஸ்கெட் போயிடுச்சு, ஹெட்டை இறக்கணும்" என்று (அதாவது எஞ்சினின் மேல்பாகமான சிலிண்டர் ஹெட்டைக் கழற்றி, அதற்கு அடியில் இருக்கும் தடுப்புத் தகட்டை மாற்ற வேண்டும் என்று) ஒருவர் சொன்னால், வண்டியை அவரிடம் கொடுத்தனுப்பாதீர்கள். எங்களிடம் அப்படிச் சொல்லி 16,500 ரூபாய் வாங்கினார்கள். ஹெட்டின் ஒரு போல்ட்டைக்கூடத் தொடவில்லை. பணம் போனதோடு விட்டிருந்தால் இவ்வளவு கோபம் வந்திருக்காது. தீப்பிடிக்கக்கூடிய நிலையில் வயரிங்கைச் செய்து வண்டியைத் திருப்பி அனுப்பினார்கள். அந்த வண்டியில் என் பையனையும் உட்காரவைத்து ஓட்டியிருக்கிறேன்.

எங்களுடையது 1999 மாருதி 800, கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் பழைய காலப் பாகம்) மாடல். அப்பா வாங்கியது. 15 வருடம் முடிந்ததும் ஒரு முறை, பிறகு ஐந்து வருடத்துக்கு ஒரு முறை என்று ஆர்.டி.ஓ.வில் பதிவைப் புதுப்பித்து இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறோம். பெங்களூரில் இந்த மாடல் விற்பனையை 2010-லேயே நிறுத்திவிட்டார்கள். தயாரிப்பும் 2014 ஜனவரியோடு முடிந்தது. அதனால் இந்த எஞ்சினைக் கையால் தொட்டுப் பழகிய மெக்கானிக்குகள் குறைந்துகொண்டே வருகிறார்கள். வண்டியின் கம்ப்யூட்டரில் ஸ்கேனரை மாட்டிக் கோளாறு பார்த்தே பழகியவருக்கு, ஸ்கேனர் மாட்ட இடமே இல்லாத கார்புரேட்டர் வண்டி புதிராகத்தான் இருக்கும். அதில் தவறில்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம்.

அல்சூரில் எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் இந்த வண்டிக்குப் பிளக் சுத்தம் செய்வது, பாயின்ட் பார்ப்பது, பிரேக் ஷூ மாற்றுவது எல்லாம் அப்பாதான். அவர் வேலூரில் அத்தை வீட்டுக்குப் போயிருந்த சமயத்தில்தான் பிரச்சினை ஆரம்பித்தது. ஓல்டு மெட்ராஸ் ரோட்டில் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் சரியாக நடுவில் இருக்கும். டின் ஃபேக்டரி நெரிசலில் நின்றால் மேலே ஏறும். மறுபடி நகர்ந்து காற்று பட்டால் இறங்கும்.

இந்த ஒரு அறிகுறியே பாதி பதில். ஓடும்போது ரேடியேட்டருக்குள் காற்று தானாகப் புகுந்து கூலன்டை (எஞ்சின் சூட்டை எடுத்துவரும் திரவத்தை) குளிர வைக்கிறது. நிற்கும்போது அந்த வேலையை மின்விசிறிதான் செய்ய வேண்டும். நின்றால் மட்டும் சூடாகிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது ஃபேன், அதன் ஃபியூஸ், சூடேறியதும் அதை ஓடவைக்கும் தெர்மோ சுவிட்ச். வந்த மெக்கானிக்கிடம் நான் இந்த அறிகுறியை அப்படியே சொன்னேன். அவர் ஃபேன் பக்கம் திரும்பவே இல்லை. ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்து, அதன் அடியில் படிந்திருந்த வெளிறிய மஞ்சள் கூழைக் காட்டினார். "அக்கா, பாருங்க, ஆயில்ல தண்ணி கலந்துடுச்சு. கேஸ்கெட் காலி. இன்னும் ஓட்டினா எஞ்சினே ஜாம் ஆயிடும்" என்றார். கிருஷ்ணகிரிக்காரர், நல்ல தமிழ், "நம்ம ஊர் ஆளு, உங்ககிட்ட அதிகமா வாங்குவேனா" என்ற பேச்சு. அடுத்த மணி நேரத்தில் கயிறு கட்டி வண்டியை இழுத்துப் போனார்கள்.

அந்த மூடிக் கூழைப் பற்றி எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் இதைக் காட்டித்தான் பயமுறுத்துகிறார்கள். சிலிண்டர் ஹெட்டுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கெட், எரியும் வாயுவையும் ஆயிலையும் கூலன்டையும் ஒன்றோடொன்று கலக்காமல் பிரித்து வைக்கிறது. அது பிய்ந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்து பால் கலந்த காப்பி நிறத்துக்கு வருவது உண்மைதான். ஆனால் மூடிக்கு அடியில் மட்டும் அந்தக் கூழ் இருந்தால் அது ஆதாரம் ஆகாது. மழைக்காலத்தில், காய்கறிக் கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டும் போய்வரும் வண்டியில் எஞ்சின் முழுசாகச் சூடாவதே இல்லை. உள்ளே இருக்கும் ஈரம் குளிர்ந்த மூடியில் வேர்த்து ஆயிலோடு சேர்ந்து இப்படிக் கூழாகும். பெங்களூர்க் குளிரில் இது சகஜம். டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் கம்பியை) உருவிப் பாருங்கள். அதில் ஆயில் சுத்தமாக, கறுப்பாகவோ பழுப்பாகவோ இருந்தால் முதல் சந்தேகம் கேஸ்கெட் மேல் அல்ல, மெக்கானிக் மேல் வர வேண்டும். எங்கள் வண்டியின் டிப்ஸ்டிக்கை அவர் உருவவே இல்லை.

வண்டி திரும்பி வந்தது. கையால் எழுதிய ஒரு எஸ்டிமேட் தாள், ஜி.எஸ்.டி. எண் கிடையாது, ஒர்க்ஷாப் முத்திரை கிடையாது. கேஸ்கெட் செட், ஹெட் ஃபேஸிங் (ஹெட்டின் அடியைச் சமமாகத் தேய்ப்பது), ரேடியேட்டர் கிளீனிங், கூலன்ட், ரேடியேட்டர் மூடி, லேபர் என்று வரிசையாகப் போட்டிருந்தார்கள். பழைய பாகங்களைக் கேட்டேன். "ஸ்கிராப்ல போட்டாச்சு அக்கா, போட்டோ இருக்கு" என்று வாட்ஸ்அப்பில் ஒரு கருகிய கேஸ்கெட்டின் படம் வந்தது.

கொஞ்ச நாள் சூடாகவில்லை. ஆனால் வேறு விதமாக மாறியது. முள் அடியை விட்டு எழவே இல்லை. காலையில் சோக்கை (குளிர்ந்த எஞ்சினுக்குக் கூடுதல் பெட்ரோல் விடும் பிடியை) வெகுநேரம் இழுத்தே வைத்திருக்க வேண்டியிருந்தது. பெட்ரோல் கூடுதலாகக் குடித்தது. சாவியைத் திருப்பின உடனேயே முன்பக்கம் ஃபேன் ஓடும் சத்தம் கேட்கும், எஞ்சின் சில்லென்று இருக்கும்போதுகூட. போன் செய்து கேட்டால், "பழைய வண்டிக்கு அப்படி ஓடினாத்தான் நல்லது" என்று பதில். பிறகு ஒருநாள் சி.எம்.எச். ரோட்டில் பிளாஸ்டிக் கருகும் வாடை, எஞ்சின் திக்கித் திணறி நின்றது. பானெட்டுக்குள் புகை.

அப்பா ஊரிலிருந்து வந்ததும் முதலில் பேட்டரியின் நெகட்டிவ் கம்பியைக் கழற்றி வைத்துவிட்டு, டார்ச்சும் மல்டிமீட்டருமாக உட்கார்ந்தார். நான் பக்கத்தில் இருந்து ஒவ்வொன்றாகப் படம் எடுத்தேன். அங்கே தெரிந்தது இதுதான்.

ஃபேனை டைரக்ட் பண்ணியிருந்தார்கள். அதாவது தெர்மோ சுவிட்சை ஒதுக்கிவிட்டு, சாவி போட்டால் எப்போதும் ஓடுகிற மாதிரி. அதையும் ஒரு ரிலே (அதிக மின்சாரத்தைத் தாங்கும் தனி சுவிட்ச்), ஒரு ஃபியூஸ் வைத்துச் செய்திருந்தால் தற்காலிக ஏற்பாடு என்றாவது ஒப்புக்கொள்ளலாம். இவர்கள் பிளக்குக்கு மின்பொறி தரும் இக்னிஷன் காயிலுக்குப் போகும் மெல்லிய வயரின் தோலை உரித்து, அதில் ஃபேன் வயரை முறுக்கி, இன்சுலேஷன் டேப் சுற்றி விட்டிருந்தார்கள். ரேடியேட்டர் ஃபேன் பல ஆம்பியர் இழுக்கும். காயில் வயர் அந்தச் சுமைக்காகப் போட்டது இல்லை. சுற்றியிருந்த டேப் உருகி, பக்கத்து வயரின் தோலோடு ஒட்டிப்போயிருந்தது. சில அங்குலம் தள்ளி பெட்ரோல் ஹோஸ்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்திருந்தார்கள். "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு" என்று பல மெக்கானிக்குகள் வழக்கமாகவே செய்கிற காரியம் இது. தெர்மோஸ்டாட் இருந்தால் ஏறக்குறைய 82 டிகிரி வரை கூலன்டை ரேடியேட்டருக்குப் போகவிடாது. எஞ்சின் சீக்கிரம் சூடேறும். அது இல்லாவிட்டால் எஞ்சின் எப்போதும் ஆறியே கிடக்கும். சோக் நீள்வதும் பெட்ரோல் கூடுவதும் இதனால்தான். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவிக்கொண்டு இறங்கும்; தேய்மானம் கூடும்.

ரேடியேட்டரில் கூலன்ட் இல்லை, துருப்பிடித்த நிறத்தில் வெறும் தண்ணீர். மூடியும் பழையதே, அப்பா சில வருடத்துக்கு முன் நெயில் பாலிஷால் வைத்த புள்ளி அப்படியே இருந்தது.

ஹெட்டுக்கு வருவோம். ஹெட்டை இறக்க வேண்டுமானால் வால்வ் கவரைக் கழற்ற வேண்டும், டைமிங் பெல்ட்டை எடுக்க வேண்டும், இன்டேக்கும் எக்ஸாஸ்ட்டும் பிரிய வேண்டும். கூலன்ட் உள்ளே சொட்டியிருக்கும் என்பதால் ஆயிலையும் மாற்றியாக வேண்டும். டைமிங் பெல்ட்டை மூடும் டைமிங் கவர் போல்ட்களின் மேல் வருடக்கணக்கான எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் கெட்டியாக அப்படியே இருந்தது. ஒரு ஸ்பானர் பட்ட தடம்கூட இல்லை. டிப்ஸ்டிக்கில் அதே பழைய கறுத்த ஆயில்.

கடைசியாக அந்த வாட்ஸ்அப் படத்தை அப்பாவிடம் காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இதுல நாலு ஓட்டை இருக்குடீம்மா" என்றார். கேஸ்கெட்டில் ஒரு சிலிண்டருக்கு ஒரு பெரிய ஓட்டை இருக்கும்; மாருதி 800-க்கு மூன்று சிலிண்டர்தான். எந்த வண்டியின் கேஸ்கெட்டையோ படம் எடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

அவ்வளவு தைரியமாக ஏமாற்ற முடிகிறதென்றால், கேட்கிறவருக்கு ஒன்றும் தெரியாது என்ற நம்பிக்கைதான் காரணம். கேஸ்கெட் உண்மையிலேயே போயிருக்கிறதா என்று வீட்டு வாசலிலேயே பார்த்துவிடலாம், பெரிய சாமான் எதுவும் வேண்டாம். எஞ்சின் நன்றாக ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்யுங்கள். தொடக்கத்தில் ஒன்றிரண்டு குமிழி வரும், நின்றுவிடும். நிற்காமல் குமிழி வந்துகொண்டே இருந்து, ஆக்ஸிலரேட்டரை அழுத்த அழுத்தக் கூடினால் எரிந்த வாயு உள்ளே வருகிறது என்று சந்தேகப்படலாம். எஞ்சின் சூடான பிறகும் சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காமல், ஒரு தித்திப்பு வாசனையோடு வந்தால் கூலன்ட் எரிகிறது. இவற்றோடு சிலிண்டர் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் ஒன்றை யாரிடமாவது வாங்கி, காயில் வயரைக் கழற்றிவிட்டு, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்து, ஒவ்வொரு பிளக் துளையிலும் அளந்து பாருங்கள். மூன்றும் ஏறக்குறைய ஒரே அளவில் வந்தால் ஹெட்டை இறக்கச் சொல்கிறவரிடம் காரணம் கேளுங்கள். எங்களுக்கு மூன்றும் சமமாகவே வந்தது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: சூடான எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருக்கிறது. இங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால்தான் உள்ளே 110 டிகிரியிலும் கொதிக்காமல் இருக்கிறது. திறந்த நொடியில் கொதித்துப் பொங்கி, நீராவியும் சுடுதண்ணீருமாக முகத்தில் அடிக்கும். மூடியின் ஸ்பிரிங்கும் ரப்பரும் தளர்ந்திருந்தால் இதே காரணத்தால் வண்டி சீக்கிரம் கொதித்துப்போகும். மூடி மாற்றுவதுதான் இருக்கிறதிலேயே மலிவான ரிப்பேர்.

உண்மையான கோளாறு என்ன என்று கேட்டால், தெர்மோ சுவிட்ச். அதன் கனெக்டரைக் கழற்றி ஒரு துண்டு வயரால் சுவிட்சைத் தாண்டி இணைத்ததும் ஃபேன் ஓடியது. அப்படியானால் மோட்டாரும் ஃபியூஸும் நலம், சுவிட்ச்தான் செத்திருக்கிறது. இந்தச் சோதனை பழைய வண்டிகளுக்கு மட்டும். ஃபேனைக் கம்ப்யூட்டர் இயக்குகிற புதிய மாடல்களில் வயரைக் கண்டபடி இணைக்காதீர்கள். ஜே.சி. ரோட்டில் ஒரு பழைய கடையில் போய் நின்றோம். கவுன்டரில் இருந்த பெரியவர் வருஷம், கார்புரேட்டரா எம்.பி.எஃப்.ஐ.யா (கம்ப்யூட்டர் பெட்ரோல் விடும் பிந்தைய மாடலா) என்று இரண்டே கேள்வி கேட்டு சுவிட்சை எடுத்து வைத்தார். சில நூறு ரூபாய். எம்.ஆர்.பி. ஒட்டிய பெட்டி, அச்சடித்த பில். கூடவே தெர்மோஸ்டாட், அதன் கேஸ்கெட், மூடி, பச்சைக் கூலன்ட். கருகிய வயரிங்கை மட்டும் சிவாஜிநகரில் தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து, ரிலேயும் ஃபியூஸும் போட்டுச் சரியாகச் செய்துவாங்கினோம். மற்றதெல்லாம் அப்பாவும் நானும் வாசலிலேயே முடித்தோம்.

அந்த மெக்கானிக்கை ஒர்க்ஷாப்பில் போய்க் கேட்டபோது, "பழைய வண்டி அக்கா, ஒண்ணு சரி பண்ணினா இன்னொண்ணு போகும்" என்றார். நான்கு ஓட்டைப் படத்தைக் காட்டியதும், ஒர்க்ஷாப் பையன் தப்பாக அனுப்பிவிட்டான் என்றார். சரி, சரியான படத்தைக் காட்டுங்கள் என்றதற்குப் பதில் இல்லை. பணத்தைத் திருப்பித் தரச் சொல்லிப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பினோம், பதில் வரவில்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்தோம். இப்போது மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறோம். 5 லட்சம் ரூபாய் வரை உள்ள விவகாரத்துக்கு அங்கே கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்துக்கொள்ள வேண்டிய கட்டாயமும் இல்லை, சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். எங்களுக்குப் பெரிய பலமாக இருப்பது யு.பி.ஐ.யில் பணம் அனுப்பிய பதிவும் அந்த வாட்ஸ்அப் உரையாடலும்தான். கையில் நோட்டாகக் கொடுத்திருந்தால், முத்திரையில்லாத அந்த எஸ்டிமேட் தாளை வைத்து எதையும் நிறுவ முடியாது.

உங்களில் யாருக்காவது சமீபத்தில் வீட்டுக்கு வந்த மெக்கானிக் மூலம் "கேஸ்கெட் வேலை" நடந்திருந்தால், இன்றைக்கே பானெட்டைத் திறந்து டைமிங் கவர் போல்ட்களையும் ஃபேன் வயர் எங்கிருந்து வருகிறது என்பதையும் பாருங்கள். டேப் சுற்றிய முடிச்சு தெரிந்தால் வண்டியை எடுக்காதீர்கள், முதலில் ஓர் எலக்ட்ரீஷியனை வரவழையுங்கள். அல்சூர், இந்திராநகர் பக்கம் இதே மாதிரி ஏமாந்தவர்கள் இருந்தால் பில்லையும் படங்களையும் பத்திரமாக வைத்துக்கொண்டு எனக்குத் தெரியப்படுத்துங்கள். ஒரே ஆள்தானா என்று ஒப்பிட்டுப் பார்த்து, சேர்ந்தே புகார் கொடுப்போம்.