மாதம் 8,500 ரூபாயில் நாலு பேருக்கு வீட்டுச் சாப்பாடு: வாங்கி ஓட்டிப் பார்த்தோம்

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பொறுமை இருப்பவர்கள் மீதியைப் படிக்கலாம். ‘மாதம் 8,500 ரூபாயில் நாலு பேருக்கு மூன்று வேளைச் சாப்பாடு’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு திட்டம் விற்கிறார்கள். 249 ரூபாய் கட்டினால் பிடிஎஃப் வந்து விழும். வாங்கி, ஒரு மாதத்துக்கு மேல் எங்கள் வீட்டில் ஓட்டிப் பார்த்தாயிற்று. 8,500-க்குள் முடியாது, அந்த நம்பிக்கையோடு வாங்க வேண்டாம். ஆனால் செலவு நன்றாகவே இறங்கியது, அதுவும் நான் எதிர்பார்த்த இடத்தில் இல்லை. விற்றவர் பெயரைப் போடப் போவதில்லை. இதே மாதிரி நிறையப் பேர் விற்கிறார்கள், ஆளை விட்டுவிட்டுச் சரக்கைப் பார்ப்போம்.

எங்கள் வீடு சென்னை வில்லிவாக்கத்தில். நான், மனைவி, அம்மா, ஒன்பதாவது படிக்கும் பையன். மனைவிக்கு கிண்டியில் வேலை, காலையில் ஏழே முக்காலுக்கெல்லாம் கிளம்பிவிடுவார், அதனால் காலைச் சமையல் என் பொறுப்பு. இரவுச் சமையலுக்கு யார் முதலில் வீடு வந்து சேருகிறோமோ அவர்.

பிடிஎஃப்பில் நாலு வாரத்துக்கான மெனு, வாராவாரம் வாங்க வேண்டிய பட்டியல், விலை அட்டவணை, இவ்வளவுதான். படங்கள் கண்ணைப் பறிக்கின்றன. விலை அட்டவணையைப் பார்த்தால்தான் சிரிப்பு வருகிறது. தேங்காய் ஒன்று 20 ரூபாயாம். எங்கள் தெருக் கடையில் கைக்கு அடங்குகிற சின்னக் காயே 40 ரூபாய்க்குக் குறைந்து கிடைப்பதில்லை. தக்காளிக்கும் ஒரே விலை போட்டிருக்கிறார்கள். 2023 ஜூலையில் தக்காளி நூறைத் தாண்டி, கடைசியில் அரசே சென்னை ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு விற்றது, அந்த நேரத்தில் இங்கே குடித்தனம் நடத்தியவர் யாரும் தக்காளிக்கு நிரந்தர விலை எழுத மாட்டார்கள். பொடி எழுத்தில் இன்னொன்றும் இருக்கிறது: ‘பால், கேஸ் நீங்கலாக’. எங்களுக்குத் தினம் ஆவின் நீலப் பாக்கெட் இரண்டு வேண்டும், அரை லிட்டர் 20 ரூபாய் என்றால் மாதம் 1,200 ரூபாய் அங்கேயே போய்விட்டது. பால் இல்லாமல் காப்பி ஏது, தயிர் ஏது, பையனுக்கு ராத்திரி ஒரு டம்ளர் பால் ஏது? பாலைக் கழற்றிவிட்டு ‘மூன்று வேளையும் சேர்த்து’ என்று சொல்வதெல்லாம் வியாபாரத் தந்திரம்தான்.

சரி, நல்லதைச் சொல்கிறேன். பருப்பு விஷயத்தில் இந்தத் திட்டத்தை எழுதியவர் கெட்டிக்காரர். ஞாயிறு சாயங்காலம் அரைக் கிலோ துவரம் பருப்பை மஞ்சள் தூளும் ஒரு சொட்டு விளக்கெண்ணெயும் விட்டுக் குழைய வேகவைத்து, உப்பு புளி எதுவும் சேர்க்காமல், மூன்று டப்பாவில் பிரித்து ஃப்ரிட்ஜில் வைத்துவிட வேண்டும். திங்கள் சாம்பார். செவ்வாய் மேலே தெளிந்து நிற்கும் பருப்புத் தண்ணியில் ரசம், அடியில் இருப்பதைப் புடலங்காயோடு போட்டுக் கூட்டு. புதன் கீரை மசியல். தினம் குக்கரில் தனியாகப் பருப்பு வைக்கிற வேலை போய்விடுகிறது, காலையில் எனக்கு இருபது நிமிஷம் மிச்சம், கேஸும் கொஞ்சம் மிச்சம். மூன்றாம் நாள் டப்பாவைத் திறக்கும்போது அம்மா மட்டும் எட்டிப் பார்த்து, “ஏன்டா, இது போன வாரம் வெந்த பருப்பா?” என்று கேட்பார். மசியலாகத் தட்டில் விழுந்த பிறகு ஒன்றும் சொல்வதில்லை.

சாம்பாருக்குப் பருப்பைக் குறைத்துவிட்டு, மஞ்சள் பரங்கிக்காய் நாலு துண்டை அதோடேயே வேகவிட்டுக் கரைத்துவிடச் சொல்கிறார்கள். ஹோட்டல்காரர்கள் வெகுநாளாகச் செய்வதுதான், சாம்பார் திக்காகவும் லேசான தித்திப்போடும் வருகிறது, டிஃபன் சாம்பாருக்குப் பிரமாதம். சாதத்துக்குப் போட்டுப் பிசைந்தால் கொஞ்சம் ஏமாற்றம். துவரைக்குப் பாதிக்குப் பாதி மைசூர் பருப்பு போடலாம் என்றும் ஒரு யோசனை இருந்தது, செய்தோம், நிறமும் வாசனையும் மாறிவிட்டன, எங்கள் வீட்டில் அது தேறவில்லை.

காய்கறியிலும் அவர்கள் கணக்கு சரிதான். பீன்ஸ், கேரட், காலிஃபிளவர் மாதிரி இங்கிலீஷ் காய்களை வாரத்துக்கு ஒன்றோடு நிறுத்திவிட்டு மீதி முழுக்க நாட்டுக் காய்: சுரை, பீர்க்கை, புடலை, முள்ளங்கி, பூசணி, வாழைத்தண்டு. பீர்க்கங்காய்த் தோலைத் துவையல் அரைக்கச் சொல்கிறார்கள், சௌசௌ தோலையும்தான். அது எந்த வீட்டிலும் தெரிந்த விஷயம், ஆனால் நாங்கள் மறந்துபோயிருந்தோம். என்ன, சுரைக்காய் வாரத்தில் இரண்டு தடவை வருகிறது, பையன் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு ஒன்றை அடித்துவிட்டேன். வாங்குகிற நேரத்தைப் பற்றித் திட்டத்தில் ஒரு வரிகூட இல்லை, அதுதான் இந்த ஊரில் பெரிய விஷயம். வில்லிவாக்கம் மார்க்கெட்டில் ராத்திரி எட்டரைக்கு மேல் போனால் கத்திரிக்காயும் வெண்டைக்காயும் கூறு கட்டி வைத்திருப்பார்கள், காலையில் எடை போட்டு வாங்குவதில் பாதிகூட ஆகாது, அன்றைக்கோ மறுநாளோ சமைத்துவிட வேண்டும், அவ்வளவுதான். கோயம்பேடு பக்கம்தான் என்றாலும் நாலு பேர் குடும்பத்துக்கு அங்கே போய் வாங்கினால் பாதி அழுகிப்போகும், மிச்சம் பிடித்த காசு ஆட்டோவுக்குச் சரியாகிவிடும். இரண்டு மூன்று வீட்டார் சேர்ந்து பிரித்துக்கொள்வதாக இருந்தால் போகலாம்.

இட்லி மாவுக்கு வருவோம். ஞாயிறு அரைத்து வியாழன் வரை ஓட்டுவது திட்டம்: முதலில் இட்லி, அப்புறம் தோசை, புளித்த பிறகு வெங்காயம் போட்டு ஊத்தப்பம், கடைசியில் குழிப்பணியாரம். மார்கழியில் இது கச்சிதமாக நடக்கும். மே மாதம் கத்திரி வெயிலில் அரைத்து வைத்த மாவு நாலைந்து மணி நேரத்திலேயே பாத்திரத்தை விட்டு வெளியே வந்து நிற்கும், இரண்டாம் நாளே பணியாரக் கட்டத்துக்குப் போய்விடும். அதனால் வெயில் காலத்தில் பாதி அளவாக, வாரத்தில் இரண்டு தரம் அரைப்பதுதான் வழி. அரைத்ததும் ஒரு பங்கை உப்புப் போடாமல், புளிக்கவும் விடாமல் நேரே ஃப்ரிட்ஜில் வைத்துவிடலாம். கடை மாவு பாக்கெட்டை நிறுத்தியதில் எங்களுக்கு நல்ல மிச்சம். ஓர் இட்லி மூன்று ரூபாய்க்குள் அடங்கும் என்று பிடிஎஃப்பில் பெருமையாகக் கட்டம் கட்டிப் போட்டிருக்கிறார்கள். அம்மா உணவகத்தில் 2013-இலிருந்து ஓர் இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய், தயிர் சாதம் மூன்று ரூபாய். விலைப் போட்டி என்று இறங்கினால் எந்த வீட்டு அடுப்பும் அதனிடம் ஜெயிக்க முடியாது.

என் பெரிய குறை ரேஷன் கடை. இந்தத் திட்டத்தை எழுதியவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது போலிருக்கிறது. 26 கிலோ பொன்னி மூட்டை, வெளிக்கடை துவரம் பருப்பு, ரீஃபைண்ட் எண்ணெய் என்றுதான் பட்டியல் போகிறது. தமிழ்நாட்டில் அரிசி கார்டு இருந்தால் 2011 ஜூனிலிருந்து ரேஷன் அரிசிக்குக் காசே கிடையாது. துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். வெளியே பருப்பு நூறுக்கு மேல். சிக்கனம் என்று பெயர் வைத்துவிட்டு இதை விடலாமா? இன்னும் சிலர் ரேஷன் அரிசி என்றாலே முகத்தைச் சுளிக்கிறார்கள், சாதமாக வடித்தால் எங்களுக்கும் பிடிக்கவில்லைதான், ஆனால் புழுங்கலரிசி இட்லிக்கு அருமை. நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம், நன்றாக நாலைந்து தண்ணி விட்டுக் கழுவி ஊறவையுங்கள், பூப்போல வரும். அதில் கொஞ்சம் வெளுப்பாக, வேறு மாதிரி சில அரிசி தட்டுப்படும், அம்மா அதைப் பிளாஸ்டிக் அரிசி என்று உட்கார்ந்து பொறுக்கிக்கொண்டிருந்தார். அது இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்துச் செய்த செறிவூட்டிய அரிசி, நூறு கிலோவுக்கு ஒரு கிலோ என்று கலந்திருக்கிறார்கள், பொறுக்கி எறிய வேண்டாம். கோதுமை கிடைக்கிற மாதத்தில் வாங்கிக் காயவைத்து மாவு மில்லில் அரைத்துக்கொள்கிறோம், சப்பாத்தி கொஞ்சம் கறுப்பாக வருகிறது, ருசி நன்றாகவே இருக்கிறது.

அடுத்தது கீரை. வாரத்தில் மூன்று நாள் கீரை போட்டிருக்கிறார்கள், ‘ஒரு கட்டு 15 ரூபாய், சத்தோ சத்து’ என்று. முருங்கைக் கீரையை யார் ஆய்வது? எங்கள் வீட்டில் அம்மா. டிவியைப் போட்டுக்கொண்டு முறத்தில் வைத்து ஆய்ந்தாலும் முக்கால் மணி நேரம் ஆகிறது, கழுத்து வலிக்கிறது என்கிறார். வாழைப்பூவும் அப்படித்தான், ஒவ்வொரு பூவிலும் நரம்பு எடுக்க வேண்டும், கையெல்லாம் கறை. திட்டம் முழுக்க இந்த மாதிரிதான், மலிவாக இருக்கிற எல்லாவற்றிலும் ஒருவர் உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை ஒளிந்திருக்கிறது, அதை 8,500-இல் எங்கேயும் எழுதவில்லை. வீட்டில் பெரியவர் யாரும் இல்லாமல் இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீடாக இருந்தால் இந்த மெனுவில் மூன்றில் ஒரு பங்கை அப்படியே செய்ய முடியாது. நாங்கள் கீரையை ஒரு நாளாகக் குறைத்தோம், அதையும் சனிக்கிழமைக்கு மாற்றினோம், இப்போது பையனும் நானும் சேர்ந்து ஆய்கிறோம். அவன் பாதிக் காம்போடு போட்டுவிடுகிறான், அது வேறு கதை.

சத்துக் கணக்கையும் ஒரு தடவை போட்டுப் பார்த்தேன். நாலு பேருக்கு மாதம் மூன்று கிலோ பருப்பு ஒதுக்கியிருக்கிறார்கள். பிரித்தால் ஆளுக்கு நாளைக்கு 25 கிராம். துவரம் பருப்பில் நூறு கிராமுக்குச் சுமார் 22 கிராம் புரதம் என்றால், 25 கிராமில் ஐந்தரைதான். அறுபது கிலோ எடையுள்ள ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஐம்பது கிராம் அளவுக்குப் புரதம் தேவை. அரிசியிலிருந்தும் கொஞ்சம் வரும் என்றாலும் வளர்கிற பையனுக்கு இது போதவே போதாது. ஒரு முட்டையில் ஆறு கிராம் இருக்கிறது, அதனால் அவனுக்குத் தினமும் முட்டை, எல்லோருக்கும் சாயங்காலம் சுண்டல் என்று நாங்களே சேர்த்துக்கொண்டோம்.

அந்தச் சாயங்காலம்தான் திட்டத்தில் பெரிய ஓட்டை. காலை, மதியம், இரவு மூன்றும் இருக்கின்றன, நாலரை மணி இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைக்கும் ஆபீஸ் விட்டு வருகிறவருக்கும் அப்போதுதான் அகோரப் பசி, கீழே இறங்கினால் பஜ்ஜி கடை, சமோசா, பானிபூரி, நூறு ரூபாய் கரைவதே தெரியாது. விற்றவரிடம் வாட்ஸ்அப்பில் கேட்டேன். பதில் அன்றைக்கே வந்தது, அதைப் பாராட்ட வேண்டும், ஆனால் வந்த பதில் ‘பழம் சாப்பிடலாம் சார்’. பழம் என்ன சும்மாவா கொடுக்கிறார்கள்? கடலைப்பருப்பு ஊறப்போட்டு மசால்வடை தட்டினால் சாயங்காலமும் ஆயிற்று, மிஞ்சியதை உதிர்த்து மறுநாள் இட்லிக்கு வடகறி வைத்தால் டிபனும் ஆயிற்று. சைதாப்பேட்டை வடகறிக்குப் பேர்போன இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு அதை ஒரு வரிகூட எழுதாமல் விட்டிருக்கிறார்கள்.

பணத்துக்கு வருகிறேன். மளிகை, காய், பால், முட்டை, ஞாயிற்றுக்கிழமைக் கறி எல்லாம் சேர்த்து எங்களுக்கு 10,500 ரூபாய்க்குப் பக்கத்தில் வந்து நின்றது. முன்பு இதே கணக்கு 13,000-க்குக் குறையாது. அது போக வாரத்தில் இரண்டு மூன்று ராத்திரி வெளியே ஆர்டர் போடுவோம், ஒரு தரத்துக்கு ஐந்நூறு அறுநூறு. அது ஏறக்குறைய நின்றேபோனது. சமையலில் எதையும் மாற்றியதால் நிற்கவில்லை. ராத்திரி ஏழரைக்கு அலுத்துப்போய் வீட்டுக்குள் நுழைகிறவர், “ஏங்க, இன்னைக்கு நைட்டுக்கு என்ன?” என்று கேட்டால், ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிய தாளில் அதற்குப் பதில் இருக்கிறது, அந்தப் பதிலுக்கு வேண்டிய சாமான் உள்ளே இருக்கிறது, போனைத் திறக்க வேண்டிய அவசியம் வருவதில்லை. தக்காளித் தொக்கும் கோதுமை தோசையும்தான், ஆனால் முடிவாகிவிட்ட தக்காளித் தொக்கு. எனக்கு 249 ரூபாய் வசூலானது அந்தத் தாளில்தான். விலை அட்டவணையைத் தூக்கிப் போட்டுவிட்டு, ரேஷன் கார்டைக் கையில் எடுத்துக்கொண்டு, மெனுவில் பாதியை உங்கள் வீட்டு நாக்குக்கு மாற்றிக்கொள்ள முடியும் என்றால் வாங்குங்கள். அப்படியே பின்பற்றலாம் என்றால் வேண்டாம்.

இனி வரப்போகிற சிக்கல் மீன். புதன்கிழமைதோறும் மத்தியோ நெத்திலியோ அரைக் கிலோ என்று போட்டிருக்கிறார்கள், வருஷம் முழுக்க ஒரே மாதிரி. ஏப்ரல் 15-இலிருந்து ஜூன் 14 வரை தடைக்காலம், காசிமேட்டிலிருந்து விசைப்படகு ஒன்றும் கிளம்பாது, கிடைக்கிற கொஞ்ச மீனும் விலை ஏறிப்போய் உட்கார்ந்திருக்கும். அந்த இரண்டு மாதத்துக்குக் கத்திரிக்காய், மொச்சை போட்டு நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு என்று தாளில் அடித்துத் திருத்தி எழுதிவிட்டேன். எங்கள் அபார்ட்மெண்டில் மேல் வீட்டுக்காரர்கள் சுத்த சைவம், அவர்கள் என்ன சொல்லப் போகிறார்கள் என்பது முதல் புதன்கிழமை தெரியும்.