ஜியோகேச் வைக்க யாரிடம் கேட்பது: காடா, அணைப் பூங்காவா, ஊர் ஏரியா?

2023 மே லீவில் பத்து நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டணம் பக்கம் மாமனார் ஊரில் இருந்தபோது ஒரு ஜியோகேச் வைத்துவிட்டு வந்தேன். ஒரு டப்பாவுக்குள் சின்ன நோட்டைப் போட்டு ஒளித்து வைத்து, அந்த இடத்தின் ஜிபிஎஸ் எண்களை விளையாட்டின் இணையதளத்தில் பதிய வேண்டும். தேடி வருகிறவர் நோட்டில் கையெழுத்துப் போடுவார். 2000 மே மாதம் அமெரிக்காவின் ஒரிகானில் ஆரம்பித்த விளையாட்டு இது. பொது நிலம் என்றால் அதற்குப் பொறுப்பானவர் சம்மதிக்க வேண்டும். பக்கத்து டப்பாவிலிருந்து 161 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். குழி தோண்டிப் புதைக்கக் கூடாது.

ஆசை என்னவோ காட்டின் மேல்தான். ஆனால் அஞ்செட்டி, ஒகேனக்கல் பக்கத்துக் காடுகளில் பெரும்பகுதி வனவிலங்கு சரணாலயம். யானை நடமாடுகிற இடத்தில் ஆட்களைப் பாதையை விட்டு இறக்குகிற விளையாட்டுக்கு எந்த ரேஞ்சர் தலையாட்டுவார்? நான் மனுவே போடவில்லை, அதனால் இது என் ஊகம்தான். ராயக்கோட்டை, கிருஷ்ணகிரி மலைக்கோட்டைகள் தொல்லியல் துறை வசம் இருப்பதால் அங்கேயும் கேட்கவில்லை.

ஓர் அணைப் பூங்காவில் நேரில் கேட்டேன். காவலாளி இன்ஜினியரைக் கை காட்டினார், அங்கே போனால் பெரிய ஆபீஸுக்குப் போகச் சொன்னார்கள். இரண்டு நாள் ஓடிப்போனது. கிளம்பும்போது காவலாளி, "உள்ள வெடி கிடி ஒண்ணும் இல்லீங்களே?" என்றார். கல் குவாரி மாவட்டத்தில் நியாயமான கேள்விதான்.

கடைசியில் ஏரிக்கரை. ஆயக்கட்டு, அதாவது ஏரி பாய்கிற நிலம், 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் ஏரி நீர்வளத்துறைக்கு, குறைந்தால் ஊராட்சி ஒன்றியத்துக்கு. எங்கள் ஏரி சின்னது. ஊராட்சித் தலைவர் டப்பாவைத் திறந்து நோட்டைப் புரட்டிப் பார்த்தார், ஒன்றிய அலுவலகத்துக்கு அவரே போன் போட்டார், அப்புறம் லெட்டர் பேடில் நாலு வரி எழுதிக் கொடுத்தார். மூடியில் தமிழில் பெயர், போன் நம்பர் ஒட்டச் சொன்னதும் அவர்தான்.

ஆனால் நான் ஏரியைத் தேர்ந்தெடுத்ததற்கு இந்தச் சுலபம் காரணமில்லை. லீவில் வந்தவர் வைத்துவிட்டுப் போகிற டப்பாவைத் தளத்தின் பரிசீலகர்கள் லேசில் ஏற்க மாட்டார்கள். நீங்கள் ஊருக்குத் திரும்பிய பிறகு யார் பார்த்துக்கொள்வார் என்றுதான் முதலில் கேட்பார்கள். காட்டிலும் அணையிலும் அனுமதியே கிடைத்திருந்தாலும் இதற்கு என்னிடம் பதில் கிடையாது. ஏரிக்கரை வழியாக மச்சான் தினமும் காலையில் சொசைட்டிக்குப் பால் கொண்டு போகிறார். விண்ணப்பக் குறிப்பில் தலைவரின் சம்மதத்தோடு, பராமரிப்பவர் என்று மச்சான் பெயரையும் எழுதினேன். கேச் வெளியானது.

அதே வருஷம் அக்டோபரில் மச்சானிடமிருந்து போன். "மாமா, நோட்டு அப்பளமா ஊறிப் போச்சு, மூடிக்குள்ள எறும்பு முட்டை வெச்சிருக்கு." நான் வைத்தது ஐஸ்கிரீம் டப்பா, வெயிலில் மூடி நெளிந்துவிட்டது. நாலு பக்கமும் கிளிப் போட்டு மூடுகிற டப்பா ஒன்றைச் சந்தையில் வாங்கி அவரே மாற்றினார். நான் சென்னையில் உட்கார்ந்துகொண்டு என்ன செய்திருக்க முடியும்?

பராமரிக்க ஆளே இல்லாதவர்களுக்கு எர்த்கேச் இருக்கிறது. டப்பா கிடையாது, இடத்தின் நிலவியலை விளக்கி, வருகிறவர் பார்த்துப் பதில் சொல்லக் கேள்விகள் வைத்தால் போதும். ஒகேனக்கல் பாறைகள் அதற்குத் தோதானவை. நான் இரண்டு எர்த்கேச் தேடிப் போயிருக்கிறேன், எழுதிப் பார்த்ததில்லை.

ஏரியிலும் ஒரு தொல்லை உண்டு. 2025 ஜனவரியில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் வந்தார்கள். பழைய லெட்டர் செல்லுமா என்று எனக்குச் சந்தேகம். மச்சான் அதை எடுத்துக்கொண்டு ஊராட்சிச் செயலரிடம் போனார். "அந்த நோட்டு டப்பாதானே, இருக்கட்டும்" என்றாராம். எழுதி வாங்கிவிடச் சொல்லியிருக்கிறேன். பால் கணக்கு முடிந்ததும் போகிறேன் என்கிறார்.