ரங்கூன் மேடைக்கு எந்த டிஸ்டார்ஷன் பெடல்? டிஎஸ்-1, ராட் 2, மெட்டல் ஸோன்: ஓர் ஒப்பீடு

ரங்கூனில் கல்யாண வரவேற்புக்கோ கோவில் திருவிழா மேடைக்கோ கிட்டார் வாசிக்கப் போகிறவர் தம் ஆம்பையும் (கிட்டாருக்கான ஒலிபெருக்கிப் பெட்டி) தூக்கிக்கொண்டு போவது அரிது. மண்டபத்தில் யாரோ கொண்டுவந்து வைத்த ஆம்பில், அதுவும் இல்லையென்றால் நேராக மிக்சரில், கேபிளைச் செருகி வாசிக்க வேண்டியதுதான். அதே மேடையில் ஒரு மணி நேரம் தமிழ்த் திரைப்பாடல்கள் போகும்; அடுத்த அரை மணி நேரத்துக்கு, ஐயன் கிராஸ் குழுவில் சிட் சான் மௌங் வாசித்ததைக் கேட்டு வளர்ந்த இளைஞர்கள் பர்மிய ராக் பாட்டுக் கேட்பார்கள். ஆகவே இங்கே கிட்டாரின் குரலைத் தீர்மானிப்பது ஆம்ப் அன்று, காலடியில் கிடக்கும், ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் பெடல்தான். சொந்த ஆம்பும் சீரான மின்சாரமும் இருப்பதாக வைத்துக்கொண்டு செய்யப்படும் ஒப்பீடுகள் நமக்குப் பாதிதான் பயன்படும் என்பதால், இந்த ஊர் மேடையை மனத்தில் வைத்து மூன்று பெடல்களை எடைபோடுகிறேன்: பாஸ் (Boss) நிறுவனத்தின் டிஎஸ்-1, ப்ரோகோ நிறுவனத்தின் ராட் 2, மீண்டும் பாஸின் எம்டி-2 மெட்டல் ஸோன். ட்யூப் ஸ்க்ரீமர் போன்ற ஓவர்டிரைவ் பெடல்களைச் சேர்க்கவில்லை. ஏற்கெனவே கரகரக்கத் தொடங்கிய ஒரு நல்ல ஆம்பை மேலும் உந்துவதில்தான் அவற்றின் அழகு இருக்கிறது, அத்தகைய ஆம்ப் நமக்கு வாய்ப்பது எப்போதாவதுதான்.

டிஎஸ்-1, 1978-இல் வந்தது. ஆரஞ்சு நிறப் பெட்டி, டோன், லெவல், டிஸ்ட் (கரகரப்பின் அளவு) என்று மூன்றே குமிழ்கள். ராட் அதே காலத்தில் அமெரிக்காவின் கலமசூ நகரில் ஸ்காட் பர்ன்ஹாம் என்பவர் வடிவமைத்தது. இன்று கிடைக்கும் ராட் 2 அதன் 1988-ஆம் ஆண்டு வடிவம். மெட்டல் ஸோன் 1991-இல் வந்த இளையவன். மூன்றிலும் அடிப்படை வேலை ஒன்றே. கிட்டாரிலிருந்து வரும் மெல்லிய மின்னலையைப் பல மடங்கு பெருக்கி, பிறகு டயோடுகளைக் கொண்டு அலையின் உச்சிகளை வெட்டிவிடுகின்றன. சிலிக்கான் டயோடு ஏறத்தாழ 0.6 வோல்ட்டில் திறந்துகொள்வதால், அதற்கு மேல் எழும் அலை சமதளமாக நறுக்கப்படுகிறது. அந்த வெட்டு முகத்திலிருந்து பிறப்பதுதான் நாம் கேட்கும் கரகரப்பு. வெட்டும் முறையில் இவை பெரிதாக மாறுபடவில்லை. வெட்டிய பிறகு எந்த அலைவரிசையை விட்டுவைக்கின்றன, எதை ஒடுக்குகின்றன என்பதில்தான் மூன்றும் வெவ்வேறு குணம் கொள்கின்றன.

டிஎஸ்-1-இன் டோன் குமிழை நடுவில் வைத்தால், சுமார் 500 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு பள்ளம் விழுகிறது. வீட்டில் தனியாக வாசிக்கும்போது இது அகலமாகவும் பெரிதாகவும் ஒலிப்பதுபோல் தோன்றும். மேடையிலோ கீபோர்டின் வலது கையும் பாடகரின் குரலும் தாளக் கருவிகளும் தத்தம் இடத்தைப் பிடித்துக்கொண்ட பின், கிட்டாரின் உயிர் இருக்க வேண்டிய நடுப்பகுதியே காணாமல் போய், மேலே கூர்மையான சீறல் மட்டும் எஞ்சுகிறது. ஒலிக்காரரிடம் கொஞ்சம் ஏற்றச் சொன்னால் அவர் அந்தச் சீறலைத்தான் ஏற்றுவார். கூட்டம் காதைப் பொத்திக்கொள்ளும். இதைச் சமாளிக்க டோனை, குமிழின் கோட்டைக் கடிகார முள்ளாக எண்ணினால், ஒன்பது மணி நிலைக்குக் கீழே இறக்கி, டிஸ்ட்டை நாம் விரும்புவதைவிடக் குறைவாக வைத்து, ஆம்பில் மிடில் குமிழ் இருந்தால் அதை ஏற்ற வேண்டும். நல்ல வால்வு ஆம்ப் கிடைக்கும் நாளில், டிஸ்ட்டை ஏறக்குறைய மூடி லெவலை உயர்த்தி இதையே உந்துகோலாகப் பயன்படுத்தினால் இதன் மறுமுகம் தெரியும். கர்ட் கோபேனும் ஜோ சாட்ரியானியும் இதைப் பயன்படுத்தினார்கள் என்பது உண்மை. அவர்கள் பின்னால் நின்ற ஆம்ப் நம் மண்டபத்து ஆம்ப் அன்று என்பதும் உண்மை.

ராட் 2-இல் அந்தப் பள்ளம் இல்லை. டிஸ்டார்ஷன், ஃபில்டர், வால்யூம் என மூன்று குமிழ்களில், புதிதாக வாங்குபவர்களைத் தடுமாற வைப்பது ஃபில்டர்தான். வலப்பக்கம் திருப்பத் திருப்ப ஒலி பிரகாசமாகும் என்று எதிர்பார்த்தால், இது எதிர்மாறாக மங்கிக்கொண்டே போகும். உள்ளே இருப்பது மிக எளிய சுற்று: ஒரு மின்தேக்கி, ஒரு மின்தடை, ஒரு 100 கிலோ ஓம் குமிழ். இடக்கோடியில் வெட்டு எல்லை நம் செவிக்கு எட்டாத 32 கிலோ ஹெர்ட்ஸ் வரை விரிந்திருக்கும். வலக்கோடியில் 475 ஹெர்ட்ஸ் அளவுக்குச் சுருங்கும். இந்த எளிய குமிழ்தான் என்னைப் பொறுத்தவரை தீர்ப்பைச் சாய்த்தது. கிட்டார் ஆம்பின் 12 அங்குல ஸ்பீக்கர் சுமார் 5 கிலோ ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளவற்றைத் தானாகவே விழுங்கிவிடும். டிஸ்டார்ஷன் நம் காதுக்கு இனிமையாவது அந்த ஸ்பீக்கரின் தயவால்தான். நேராக மிக்சரில் செருகும்போது அந்தத் தயவு கிடைப்பதில்லை, தகரத்தில் மணல் தேய்ப்பது போன்ற ஓசை பெரிய ஸ்பீக்கர்கள் வழியே அப்படியே வெளியே வரும். ராட்டின் ஃபில்டரை இரண்டு மணி நிலைக்கு மேலே கொண்டுபோனால் அந்த மணல் பெரும்பாலும் அடங்குகிறது. ஸ்பீக்கரின் வேலையை அது முழுதாகச் செய்துவிடாது என்றாலும், முகூர்த்தம் முடிந்து பந்தி தொடங்கும் வேளையில் யாரும் எழுந்து ஓடாத அளவுக்குச் செய்துவிடும்.

பழைய ராட்டில் எல்எம்308 என்ற சிப் இருந்தது, புதியதில் ஓபி07 இருக்கிறது, அதனால் பழையதே சிறந்தது என்று ஒரு வாதம் உண்டு. இரண்டு சிப்களும் மின்னழுத்தத்தை மைக்ரோ வினாடிக்கு ஏறத்தாழ 0.3 வோல்ட் என்ற மந்த வேகத்திலேயே மாற்றக்கூடியவை. ராட்டின் தடித்த குரலுக்கு அந்த மந்தமே ஒரு காரணம் என்பார்கள். அப்படியிருக்க, பழைய சிப்புக்காக இரட்டிப்பு விலை கொடுப்பவரைப் பார்த்தால் எனக்குப் பரிதாபம்தான் வருகிறது.

மெட்டல் ஸோன் விஷயத்தில் அதைத் திட்டுவது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. அந்தத் திட்டில் பாதிதான் நியாயம். அதன் நான்கு தண்டுகளில் ஆறு குமிழ்கள், அந்தத் தண்டுகளில் இரண்டு இரட்டை அடுக்கு. நடு அலைவரிசையை 200 ஹெர்ட்ஸ் முதல் 5 கிலோ ஹெர்ட்ஸ் வரை எங்கே வேண்டுமானாலும் நகர்த்தி, அந்த இடத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியும். மற்ற இரண்டு பெடல்களிலும் இல்லாத வசதி இது. 700, 800 ஹெர்ட்ஸ் பக்கம் நிறுத்தி மிதமாகக் கூட்டி, ஹையை (உயர் ஒலிகளை) குறைத்து, டிஸ்ட்டைப் பத்து மணி நிலையில் வைத்தால் மரியாதையான ஒலி வருகிறது. ஆனால் குமிழ் சற்று நகர்ந்தாலே குணம் தலைகீழாக மாறிவிடும். இருட்டு மேடையில், பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையே கிடைக்கும் பத்து வினாடியில், உள்வளையத்தைத் திருப்பப் போய் வெளிவளையமும் சேர்ந்து திரும்பிவிட்ட அனுபவம் எனக்கு ஒன்றுக்கு மேற்பட்ட முறை நேர்ந்திருக்கிறது. கெயினும், அதாவது ஒலியைப் பெருக்கும் அளவும், மிக அதிகம். மேடையைச் சுற்றி சீரியல் பல்பு போட்டிருந்தால், இரைச்சலை எளிதில் வாங்கும் சிங்கிள் காயில் கிட்டாரில் அந்த விளக்குகள் அணைந்து எரியும் தாளத்திலேயே ஒரு கிர்ரொலி கேட்கும்.

இனி மின்சாரம். முறை வைத்து மின்சாரம் வரும் ஊரில் இதைக் கடைசியில் பேசும் விஷயமாக வைக்க முடியாது. மூன்று பெடல்களும் 9 வோல்ட் பேட்டரியில் ஓடும். டிஎஸ்-1 ஏறத்தாழ 4 மில்லி ஆம்பியர்தான் எடுக்கிறது; மெட்டல் ஸோன் அதைப்போல் ஐந்து மடங்கு, ஏறத்தாழ 20 மில்லி ஆம்பியர். நல்ல ஆல்கலைன் பேட்டரியின் கொள்ளளவை 500 மில்லி ஆம்பியர் மணி என்று வைத்துக்கொண்டால், காகிதக் கணக்கில் முதலாவது நூறு மணி நேரத்தைத் தாண்டும், இரண்டாவது 25 மணி நேரத்தில் முடிந்துவிடும். ராட்டும் சிக்கனக்காரன்தான். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் கார்பன் பேட்டரியில் இதைவிடக் குறைவாகவே எதிர்பார்க்க வேண்டும். உள்ளீட்டு ஜாக்கில் கேபிள் செருகியிருக்கும் வரை பேட்டரி கரைந்துகொண்டே இருக்கும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை; ஒலிச் சோதனை முடித்து மாப்பிள்ளை ஊர்வலம் வரும்வரை மூன்று மணி நேரம் காத்திருக்கும்போது கேபிளைப் பிடுங்கி வைத்தால் போதும்.

அடாப்டர் வழியாகப் போனால் வேறொரு தொல்லை. ஜெனரேட்டர் ஓடும்போதும், சரியாக வடிகட்டாத மலிவு அடாப்டரைப் போட்டாலும், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் இரட்டிப்பான 100 ஹெர்ட்ஸ் முனகல் உள்ளே புகுந்துவிடுகிறது. பெடலின் கெயின் அதையும் சேர்த்தே பெருக்குகிறது. முனைகளின் திசையும் முக்கியம். இந்தப் பெடல்களுக்கு நடுமுனை எதிர்மின்னாக இருக்க வேண்டும். அவசரத்தில் ஒரு கீபோர்டின் 12 வோல்ட் அடாப்டரை, அதன் நடுமுனை நேர்மின் என்று பார்க்காமல் செருகி, என் முதல் மினி பெடலை நானே கொன்றேன்.

இதைவிடப் பெரிய வேறுபாடு பெடல் அணைந்திருக்கும் நிலையில் தெரியும். டிஎஸ்-1-இலும் மெட்டல் ஸோனிலும் பாதையை மாற்றுவது மின்னணு சுவிட்ச்; பெடலுக்கு வரும் மின்சாரம் நின்றுபோனால், விளைவு வேண்டாம் என்று அணைத்து வைத்திருந்தாலும் கிட்டார் ஒலியே வெளிவராது. ரங்கூனின் தம்வேப் பகுதியில் ஒரு வரவேற்பில் மின்சாரம் போய் ஜெனரேட்டர் எழும்வரை நாங்கள் அமைதியாக நின்றோம். விளக்கும் மிக்சரும் உயிர் பெற்ற பிறகும் என் கிட்டார் மட்டும் எழவில்லை. பெடலின் அடாப்டர் செருகியிருந்த பலகைக்கு ஜெனரேட்டர் இணைப்பே கிடையாதாம். ராட் 2-இல் கால் சுவிட்சே கம்பிப் பாதையை நேரடியாக மாற்றுவதால், இப்படி நேர்ந்தாலும் சுத்தமான ஒலியோடு பாட்டை முடித்துவிடலாம். எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும்: பாஸ் பெடல்களின் உள்ளே இருக்கும் பஃபர் என்ற சிறு சுற்று, மேடையின் ஓரத்திலிருந்து மிக்சர் வரை நீளும் கேபிளில் உயர் ஒலிகள் தேயாமல் காக்கிறது; ராட் அணைந்திருக்கும்போது அந்தக் காவல் இல்லை.

அளவில் ராட் தோற்கிறது. பாஸ் பெட்டி 73 மில்லிமீட்டர் அகலமும் 129 மில்லிமீட்டர் நீளமும் கொண்டது, கிட்டார் பையின் முன்பையில் அடங்கும். ராட் அதைவிடச் சதுரமாகவும் பெரிதாகவும் இருக்கும். கோவில் மேடையில் செருப்பைக் கழற்றிவிட்டு வாசிக்கும் நமக்கு இன்னொன்றும் உண்டு. பாஸின் அகன்ற ரப்பர் மிதி வெறுங்காலுக்கு இதமானது. ராட்டின் உலோகக் குமிழியை வெறும் பெருவிரலால் அழுத்தினால் இரண்டாம் நாள் வலி தெரியும். நான் குதிகால் ஓரத்தால் அழுத்தப் பழகிக்கொண்டேன்.

மூவர் (Mooer), டானர் (Donner) நிறுவனங்களின் வகை மினி பெடல்கள் உள்ளங்கைக்குள் அடங்குபவை, விலையும் குறைவு. ராட்டின் சுற்றைப் பின்பற்றியவையும் அவற்றில் உண்டு, ஒலியிலும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் பேட்டரிக்கு உள்ளே இடமில்லை, எடையும் போதாது. கேபிளை யாராவது தட்டினால் கவிழ்ந்துவிடும். வீட்டுப் பயிற்சிக்கு நன்று.

என் பையில் ராட் 2 இருக்கிறது. முதன்முதலில் வாங்குபவரிடம் பணம் குறைவென்றால் டிஎஸ்-1. மூன்றில் மலிவானது அதுவே, நல்ல ஆம்ப் உள்ள வீட்டில் அது ஏமாற்றாது. கன ராக் மட்டுமே வாசிக்கும் குழுவில் இருந்து, குமிழ்களோடு பொறுமையாக உட்காரும் குணமும் இருந்தால் மட்டும் மெட்டல் ஸோன்.

இவை பெரும்பாலும் பாங்காக்கிலோ சிங்கப்பூரிலோ இருந்து உறவினர் பையில் வருவதால் முன்கூட்டிக் கேட்டுப் பார்க்கும் வாய்ப்பு அரிது. உள்ளூரில் பழையது கிடைத்தால் மழைக்காலத்தைத் தாண்டி வந்த பெடல் என்பதை நினைவில் வைத்து, பேட்டரி மூடியைத் திறந்து முனைகளில் பச்சை படிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு குமிழையும் கோடியிலிருந்து கோடிக்குத் திருப்பி இரைச்சல் கேட்க வேண்டும். பிறகு சொந்த கிட்டாரின் வால்யூமைப் பாதியாகக் குறைத்து ஒரு முழு கார்டை மீட்டிப் பார்க்கலாம். அந்த நிலையிலும் ஆறு தந்திகளும் தனித்தனியாகக் கேட்டால், பழசாக இருந்தாலும் அந்தப் பெடலுக்குப் பேரம் பேசத் தொடங்கலாம்.